மூடாமல் விட்ட குவியல்

மேல்சித்தாமூர்,
ஐப்பசி கடைசி ஞாயிறு.

அன்புள்ள ராஜமதிக்கு,

இங்கு நான் நலம். அங்கே நீயும் அனந்தியும் குழந்தையும் நலம் என்பது நேற்றுப் போனிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப் போகிறது. எல்லாம் நல்லபடியாக இருக்குது என்று தினமும் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொள்கிறேன். நம் தெரு இளவரசன் பெங்களூருக்குக் கார் எடுத்துப் போகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பையில் பிரசவ லேகியம் இருக்கிறது. நம் வழக்கப்படி தேன் சேர்க்காமல் வெல்லத்தில் கிண்டச் சொல்லிச் செஞ்சியில் வாங்கியது. அனந்தி முகம் சுளித்தாலும் விடாதே. இங்கே மழை பரவாயில்லை, ஏரி பாதி நிரம்பிவிட்டது. தீபாவளியன்று மகாவீரருக்கு விளக்கை நானே ஏற்றினேன். மாடு உன்னைத் தேடிக்கொண்டு என்னை முட்ட வருகிறது. அதற்குக்கூட என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, சுற்றி வளைத்தது போதும். உன் உரக் குவியலைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆடியில் நீ கிளம்பும்போது எனக்கு ஒரே ஒரு வேலைதான் வைத்துவிட்டுப் போனாய். களை எடுக்க வரும் பூவாயி பார்த்தீனியச் செடியைப் பிடுங்கி வந்து சாணிக் கரைசல் ஊற்றி அடுக்குவாள், நீங்க தார்ப்பாயை மட்டும் எடுத்துடாதீங்க என்றாய். எவ்வளவு பார்த்துப் பிடுங்கினாலும் ஒன்றிரண்டு செடி பூத்துத்தான் இருக்கும், குவியல் உள்ளே வெந்தால்தான் அந்த விதை சாகும் என்றும் சொன்னாய். நானும் பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டினேன்.

தொண்டூர் நாற்றுப் பண்ணை முருகையனை நீ எப்படி மடக்கினாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். எந்தத் தேசத்துச் சதுப்பு நிலத்தையோ தோண்டி மூட்டை கட்டி வருகிற பீட் மண்ணில்தான் நாற்று விடுவேன் என்று நின்றவன் அவன். ஊரைப் பிடித்த இந்தச் சனியனை உரமாக்கித் தருகிறேன், இதில் உன் கத்தரி நாற்று நிற்காவிட்டால் என் பேரை மாற்றி வை என்று அவனிடம் சொன்னாய். அந்தப் பேரைத்தான் நான் கெடுத்துவிட்டேன், ராஜமதி.

நீ போன சில நாளில், ஒரு காலையில், தார்ப்பாயின் ஓரத்தில் வண்டுகள் தவித்துக்கொண்டிருந்தன. முதுகில் கறுப்பு வரி போட்ட வண்டுகள், அந்தச் செடியைத் தின்றே பிழைக்கிறவை. தூக்கிப் பார்த்தால் உள்ளே ஆவி அடித்தது, சில செத்துக் கிடந்தன. உயிர்க்கொலை கூடாத மழைக்கால விரதம் வேறு. எறும்பு பார்த்து நடக்கிறவன் ஒரு குவியல் உயிரை அவித்துக்கொண்டிருப்பதா என்று மனசு கேட்கவில்லை. தார்ப்பாயை எடுத்தேன். குவியலையும் கலைத்துப் பரப்பி விட்டேன். வண்டுகள் போயின, சூடும் போயிற்று. மறுபடி அடுக்கப் போனால் உள்ளே ஏதாவது ஒன்று ஊர்ந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பூவாயி வந்து தொட்டுப் பார்த்து, “இன்னா நைனாரே, சில்லுனு இருக்குது, மறுபடி அடுக்கட்டுமா” என்றாள். காற்றில் தார்ப்பாய் பறந்துவிட்டது, தானாக மட்கிவிடும், நீ போ என்று அவளை விரட்டாத குறையாக அனுப்பினேன். குவியல் கறுத்து உதிர ஆரம்பித்தவுடன் சலித்து, முருகையனுக்கு அனுப்பியதும் நான்தான்.

அவன் நாற்றுக் குழித்தட்டுகளில் கத்தரிக்குப் பக்கத்திலேயே பார்த்தீனியமும் முளைத்து நின்றதாம். வாங்கிப் போன விவசாயிகள் வயலில் அதைக் கண்டுவிட்டு, மிச்ச நாற்றைக் கொண்டுவந்து அவன் வாசலில் கொட்டிவிட்டார்கள். முருகையன் நேராக நம் வீட்டுக்கு வந்து பூவாயியைத்தான் பிடித்துக்கொண்டான். பூத்த செடியைப் பிடுங்கிப் போட்டவள் நீதானே என்று சத்தம். “நான் பாத்துப் பாத்துத்தான் புடுங்குனேன்யா” என்று அவள் அழுதாள். நான் மரம் மாதிரி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய்யா சொன்னோம், சும்மாதானே இருந்தோம் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. கேவலம்.

அதற்கப்புறம் தொண்டூர்ப் பக்கம் களை எடுக்க அவளை ஒருத்தரும் கூப்பிடவில்லை. செடி பட்டு அரித்துப் புண்ணான கையோடு ரேஷன் கடை வரிசையில் நின்றாள். நான் பார்க்காதவன் மாதிரிப் போய்விட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

போன வாரம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், தார்ப்பாயை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் திடுக்கிடவே இல்லை. “தெரியும் நைனாரே. தார்ப்பாய மடிச்சு மேல கல்லு வச்சிருந்துச்சு. காத்தா மடிச்சு வச்சுது?” என்றாள். பின்னே ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். “ராஜமதியம்மா வீட்டு ஆம்பளைய நாலு பேரு முன்ன எப்பிடிக் காட்டிக்குடுக்கிறது? நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன். வண்டுக்குப் பாவம் பாத்தீங்க, என்னைப் பாக்கலயே” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை.

அங்கிருந்து நேராகத் தொண்டூர். நாற்று வாங்க வந்தவர்கள் நடுவிலேயே முருகையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் திட்டியிருந்தால் தேவலை. “நீங்களா நைனாரே” என்று ஒரு வார்த்தை கேட்டான், அவ்வளவுதான். இனிமேல் நம் உரம் வேண்டாம், பழைய மூட்டை மண்ணே போதும் என்றும் சொல்லிவிட்டான். பூவாயியை மட்டும் மறுநாளே ஆள் விட்டுக் கூப்பிட்டான். அவளும் களைக்குப் போகிறாள். நம் வாசலை மிதிக்கவில்லை.

அவள் கடைசியாகப் பிடுங்கிப் போட்ட செடிகளை முந்தாநாள் நானே அடுக்கினேன். ஒவ்வொரு செடியையும் உதறி, வண்டுகளை வேலியோரம் விட்டேன். அன்றைக்கே இதைச் செய்ய எனக்குப் புத்தி வரவில்லை பார். அப்படியும் உள்ளே சில இருக்கத்தான் செய்யும். இன்று தார்ப்பாய்க்கு அடியில் கை விட்டேன், சுட்டது. என்ன சாகிறது என்று தெரிந்தேதான் மறுபடி மூடினேன். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும்.

அனந்தியிடம் எதுவும் சொல்லாதே, பச்சை உடம்புக்காரி. பேத்தி நோய்நொடி இல்லாமல், நல்ல வாக்கோடு வளர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். பூவாயிக்கு ஒரு போன் போடு. எனக்காகப் பேச வேண்டாம். கை ஆறிவிட்டதா என்று மட்டும் கேள், எனக்கு அதைக் கேட்க முகமில்லை.

இது கைக்குக் கிடைக்கிற அன்று சாயங்காலமும் நான் கூப்பிடுவேன். எடுத்ததும் வழக்கம்போல, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டீங்களா என்று கேட்டுவிடாதே, தாங்க மாட்டேன். முதலில் திட்டிவிடு.

உன்,
சீதளநாதன்