ஒரு மண்டலத்தில் முடியாதது

மதினி,

இன்று காலை உங்கள் மாத்திரை வெட்டும் டப்பாவைத் தேடி எடுத்தேன். நீலப் பிளாஸ்டிக், நடுவில் சின்ன பிளேடு. உங்கள் பீரோவை ஒழித்த அன்று உங்கள் மருமகள் புடவைகளை விரித்து எது வேண்டும் என்று கேட்டாள். நான் இதைக் கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தாள். திறந்தால் உங்கள் கைப்பை வாசனை வருகிறது, ஓமமும் பச்சைக் கற்பூரமும். மூலையில் உங்கள் மாத்திரையின் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

நாளை முதல் என் மாத்திரை பாதியாகிறது. உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

என் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்து நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். ஏதோ ஒரு தேதி பார்க்க எடுத்தவர், பதினெட்டு நாள் ஒரு வரிகூட எழுதாமல் கிடந்ததைப் பார்த்து என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிரசவத்துக்குப் போன நாட்களில்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதியவள் நான். வீட்டில் குறை என்று ஒன்றும் இல்லை. ஆனால் விடியுமுன்னே விழிப்பு வந்துவிடும், எழுந்திருக்க உடம்பு வராது. காப்பி மண்ணாக இருந்தது. கற்பகாம்பாள் சன்னதியில் நின்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போல இருந்தது. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. பக்தியே போய்விட்டது என்று நினைத்தேன்.

மனதைத் தளரவிடாதே என்று எல்லோரையும் போல நீங்களும் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் நோட்டை மூடி வைத்தீர்கள். "சின்னவன் பொறந்தப்போ மூணு மாசம் சுருண்டு கெடந்தியே, சோம்பேறின்னு சொன்னேம்லா. அது சோம்பல் இல்லட்டி. தப்பு எம்மேல. இன்னொரு தடவ அந்தத் தப்பப் பண்ண மாட்டேன்" என்றீர்கள்.

பத்தொன்பது வருஷம் கழித்து வந்த வார்த்தை. அன்று எனக்கு அழக்கூட முடியவில்லை.

மயிலாப்பூரில் எந்த மனநல டாக்டரின் படியேறினாலும் எங்கள் பாராயணக் குழுவில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நான் ஒரேயடியாக மறுத்தேன். உங்களுக்கோ முழங்கால் வலி, தைராய்டு டாக்டரையே போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆகவே எனக்கும் போன் டாக்டர். சும்மா பதிவு செய்யவில்லை நீங்கள். அந்த டாக்டரம்மாவின் படிப்பு, பதிவு எண் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் வியாழக்கிழமை நேரம் வாங்கினீர்கள்.

அபிராமபுரத்தில் உங்கள் சாப்பாட்டு மேசை. துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போன். டாக்டர் முதலில் கேட்டது, அறையில் யார் இருக்கிறார்கள் என்பது. நீங்கள் எழுந்தீர்கள். நான் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். தூக்கம், பசி, வேறு மாத்திரைகள், எப்போதாவது தலைகால் புரியாத உற்சாகத்தில் நாள்கணக்காகத் தூங்காமல் இருந்ததுண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, சாதாரணக் குரலிலேயே, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா என்றும் கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன்.

"உண்மையச் சொல்லுட்டி. நான் செவுத்தப் பாத்துக்கிடுதேன்."

நாற்காலியை நிஜமாகவே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டீர்கள். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது நான் இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றுகிறது, ஏதும் செய்துகொள்ளத் தோன்றவில்லை என்று. உங்கள் தோள் ஒருமுறை ஆடியது. திரும்பவில்லை நீங்கள்.

ரத்தப் பரிசோதனை எழுதினார், ஒரு மாத்திரை எழுதினார். பெயரும் பதிவு எண்ணும் போட்ட சீட்டு போனுக்கே வந்தது. மருந்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, சர்க்கரை மாத்திரை கொடுப்பது போல எடுத்துக் கொடுத்தார். நான்தான் அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். இது போதை இல்லை, தின்றவுடன் சிரிப்பும் வராது, இரண்டு மூன்று வாரமாகும், முதலில் குமட்டும் என்று டாக்டர் சொன்னதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த பொடி எழுத்துத் தாளை அகராதி வைத்துக்கொண்டு முழுக்கப் படித்து நடுங்கிப்போய் உங்களுக்குப் போன் செய்தேன். தாளை மடித்து உள்ளே வை, சந்தேகம் இருந்தால் அந்த அம்மாவிடம் கேள், தாளிடம் கேட்காதே என்றீர்கள்.

டாக்டர் பேசும் நாட்களில் என் வீட்டுக்காரரிடம், உங்கள் தம்பியிடம், மதினி வீட்டுக்கு வத்தல் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவேன். ஐப்பசி மழையில் என்ன வத்தல் என்று அவர் கேட்கவில்லை. நீங்கள் கடையில் வத்தல் பாக்கெட் வாங்கி, பிரித்து, பழைய டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவீர்கள். தி. நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அதை ருசித்துச் சாப்பிடுவார். நம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்த முதல் விஷயம் அதுதான்.

மூன்றாவது வாரம் காப்பி காப்பியாக இருந்தது. அம்பாள் முன்னால் நின்றால் கண் நிறைந்தது. அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

முதல் மாத்திரையை அவள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டபோதே ஒரு மண்டலம் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். காலண்டரில் நாள்தோறும் புள்ளி வைத்தேன். நாற்பத்தெட்டாம் நாள் அபிஷேகம் செய்து, தேங்காய் உடைத்து, மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். உங்களிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. விரதம் முடிந்தால் முடிந்ததுதானே.

மூன்று நாளில் தலை சுற்றியது. மண்டைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் ஓடியது. விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று வெள்ளிக்கிழமை உபவாசமும் சேர்த்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் அரிசி களையும்போது தண்ணீரைப் பார்த்து அழுதேன். இனி வத்தல் வேண்டாம் என்று உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து, அந்தக் காலோடு இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க நின்றீர்கள்.

"மாத்திர எங்க?"

"மண்டலம் முடிஞ்சிட்டு மதினி."

நீங்கள் சிரிக்கவில்லை. "என் தைராய்டு மாத்திரைக்கு எத்தன மண்டலம்?"

"அது உடம்புக்கு."

"இது யாருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கா?"

அன்று மாலையே டாக்டரிடம் என் வாயாலேயே சொல்ல வைத்தீர்கள். திட்டுவார் என்று நினைத்தேன். என்றைக்கு நிறுத்தினேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, குறைந்த அளவில் மறுபடி தொடங்கச் சொன்னார். "நாள் எண்ணணும்னா எண்ணுங்கம்மா. ஆனா மாத்திரை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எண்ணாதீங்க, முழுசா நல்லா ஆன நாள்லேர்ந்து எண்ணுங்க. அதுக்கப்புறமும் பல மாசம் போகணும். நிறுத்துறதும் மெல்ல மெல்லத்தான், நானும் நீங்களும் சேர்ந்துதான்." அன்றிரவு அம்பாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

நன்றாகி ஒரு வருஷம் கழித்து, பங்குனியில் குறைக்க வேண்டியது. பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள், ஒரு மத்தியானத் தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல். எனக்குப் பழையது திரும்பிவிடும் என்று நடுங்கினேன். டாக்டர் இப்போது குறைக்க வேண்டாம், அழுகை வந்தால் அழுங்கள் என்றார். அழுதேன் மதினி, வீடு நிறைய அழுதேன். ஆனால் மறுநாள் குளித்தேன். பசித்தது. உங்கள் ரசத்தை நினைத்து ரசம் வைத்தேன், ருசித்தது, அதற்கும் அழுதேன். துக்கம் வேறு, அந்த நோய் வேறு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். நோயில் ஒருவருமே இருந்ததில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அக்கா வீட்டு மொட்டை மாடி வருஷக்கணக்கா பூட்டித்தான கெடக்கு. எங்க காயப் போடுதீங்கன்னு நெனச்சேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றார்.

நேற்று டாக்டர் பேசும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குறைக்கும் காலத்தில் வீட்டில் ஒருவர் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, அவசரத்துக்குக் கூப்பிட இன்னும் உங்கள் எண்தான் இருக்கிறது, மாற்றலாமா என்று டாக்டர் கேட்டார். என்னால் அதை அழிக்க முடியவில்லை. போனை உங்கள் தம்பியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகத் தன் எண்ணைத் தட்டினார்.

பிறகு எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டார். உண்மையைச் சொல்லு என்று நீங்கள் எனக்குப் பழக்கிவிட்டது இன்னும் என்னிடம் இருக்கிறது, அதனால் சொன்னேன். மத்தியானம் வரை நான் தலை வாராமல் இருந்தால். எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றால். கோயிலுக்குக் கூப்பிட்டு நான் வரவில்லை என்றால். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"கேட்டா நீ கோவப்படுவியே."

"படுவேன். நீங்க விடாமக் கேளுங்க."