பார்லி கிளறும் வேலைக்கு அம்மாவின் பதில்

தெஹியோவிட்ட
22.02.2009

அன்பு மகன் சுதாகரனுக்கு,

அம்மா மருதாயி சொல்ல, தங்கச்சி கலா எழுதுவது. இங்கே எல்லோரும் நோய் நொடியில்லாமல் நடமாடுகிறோம், அந்தக் குளிரில் உன் உடம்பையும் மாரியம்மன் அப்படியே வைத்திருக்கட்டும். (அண்ணே, அடைப்புக்குள் வருவது நான். எட்லஸ் வரைபடத்தில் செக் நாட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், ஒரு பக்கமும் கடல் இல்லை.) அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் பால்தான் குறைவு.

கடைப் போனில் நாலு பேர் முன்னால் பேசுகிற விஷயம் இல்லை என்பதால் எழுதச் சொன்னேன். போன வியாழன் உன் கடிதம் வந்தது. வெளிநாட்டுக் கடிதம் என்றால் நம் லயத்து வரிசை வீடுகளில் யாரும் தனியாக வாசிப்பதில்லையே, வழக்கம்போல எல்லோரும் வாசலில் வந்து உட்கார, கலா நின்று வாசித்தாள். நீ வேலை செய்த கார்ச் சாமான் பேக்டரி மூடியதையும், நீ இரண்டே பெட்டி ரயிலில் ஏறி, பனி மூடிய வயல்களைத் தாண்டி, ஒரு குட்டி ஸ்டேஷனில் தனி ஆளாக இறங்கி நடந்ததையும் கேட்டு எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். போய்ச் சேர்ந்த இடம் ஒரு கிராமத்துப் பியர் பேக்டரி என்றும், முளைகட்டும் ஈரப் பார்லியைக் கல் தரையில் பரப்பி மரத் துடுப்பால் கிளறும் வேலைக்கு அதன் முதலாளிக் கிழவர் கூப்பிடுகிறார் என்றும், அம்மா சரி என்றால்தான் போவேன் என்றும் வாசித்தாளோ இல்லையோ, பக்கத்துக் காம்பரா சுப்பம்மா, "அப்பன் விட்டத மகன் புடிச்சிட்டான்டியோய்!" என்றாள். லயமே சிரித்தது. நான் கடிதத்தைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டேன். (முதலில் தனியாகப் பார்க்காமல் சத்தமாக வாசித்தது என் பிழை அண்ணே.) அப்பா எழுந்து போனார். மூன்று வருடமாகத் தொடாத சாராயத்தை அன்று தொட்டுவிடுவாரோ என்று வாசலிலேயே நின்றேன். விறகுக் கட்டோடுதான் திரும்பி வந்தார்.

நேற்று அவரே டின்னைத் திறந்து, "மிச்சத்தையும் வாசி புள்ள" என்று கலாவிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தை நாங்கள் கேட்கவே இல்லையே ராசா. கிழவர் நுரை தளும்ப ஒரு கிளாஸை நீட்டியதும், நீ கும்பிட்டு வேண்டாம் என்று ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் வாங்கிக்கொண்டதும், அவர் ரயில் வரை வந்து வழியனுப்பியதும் அதில்தான் இருந்தன. அப்போதும் நான், "இன்னைக்கு வேணாங்கிறவன் நாளைக்கும் வேணாம்பானா?" என்றேன். அப்பா, "நான் அப்படி ஒரு வாசல்லேருந்து ஒரு நாளாவது குடிக்காம திரும்பியிருக்கேனா, சொல்லு மருதாயி? இவன் திரும்பியிருக்கான்" என்றார். கலாவைப் பேனாவை எடுக்கச் சொன்னேன்.

ஆகவே போ மகனே. ஈரத் தரையில் நாள் முழுக்க நிற்கிற வேலை, மாற்றுவதற்கு இன்னொரு சோடி காலுறை கையோடு கொண்டுபோ. அந்தப் பெரியவரிடம் மரியாதையாக நடந்துகொள், வெறும் வயிற்றோடு வேலைக்கு இறங்காதே. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஒரு வாய் குடித்தால் என்ன என்று தோன்றுகிற நாள் வந்தால் மறைக்காமல் அப்பாவுக்கு எழுது. எனக்கு எழுதினால் நான் அழுவேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாளை எப்படிக் கடப்பது என்று அவருக்குத்தான் தெரியும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மூ. மருதாயி
(கையெழுத்து அம்மாவே போட்டது)