மூன்றாவது பத்தி

தாராவி, பம்பாய்
12 டிசம்பர் 1967

அன்புள்ள சுகந்தாவுக்கு,

அவர் எழுதவில்லை. நான்தான் எழுதினேன்.

பேராசிரியர் பஞ்சாபகேசன் என்னைப் பற்றி ஏன் அவ்வளவு சப்பென்று எழுதினார் என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்காவில் உன் டிபார்ட்மென்ட் ஆபீஸில் பழைய விண்ணப்பங்களை அடுக்கும்போது என் ஃபைல் கைக்கு வந்ததாம். ‘பணிவானவள், நேரம் தவறாதவள், நல்லொழுக்கம் உள்ளவள்’ என்று படித்து வருத்தப்பட்டாயாம். வருத்தத்துக்கு நன்றி. அந்த மூன்றும் என் சொற்கள்.

உனக்கு மறந்திருக்கலாம். சென்ற வருஷம் சிபாரிசுக் கடிதம் கேட்டு இரண்டு பேரும் அவர் முன்னால் நின்றோம். நீங்களே அடிச்சுண்டு வந்துடுங்கோ, கையெழுத்துப் போட்டுத் தரேன் என்றார். எல்லாருக்கும் அவர் சொல்வது அதுதான். உனக்கு டைப் தெரியாது. நான் டைப்பில் லோயர் பரீட்சை பாஸ். இரண்டையும் நானே அடித்தேன். ஒரே மெஷின், ஒரே மத்தியானம்.

உன்னுடையதை முதலில். சுலபமாக வந்தது. இன்னொருத்தியைப் புகழக் கூச்சம் இல்லை. அப்புறம் என் பெயரை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ‘அசாதாரணமான அறிவு’ என்று அடித்தேன். தாளை உருவிக் கிழித்தேன். தன்னைத் தானே மெச்சுனா வாய் அழுவிப் போவும்ட்டீ என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தவள் நான். கடைசியில் பள்ளிக்கூடத்து நடத்தைச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. அதில் இருந்த மூன்று சொற்களை எடுத்துப் போட்டேன்.

தோல் பதனிடும் ஆவாரம்பட்டையும் அப்படித்தான் உன் கடிதத்துக்குப் போனது.

தோல் ஊறும் தொட்டியில் படரும் அந்தப் பூஞ்சணம் நம் லேபில் வளரவே இல்லை. கண்ணாடித் தட்டில் இட்ட கூழில் வேறு பூஞ்சணங்கள் முந்திக்கொண்டு மூடிவிட்டன. பட்டை ஊறிய தண்ணீரில் பிழைக்கிறது இது மட்டும்தான். அப்படியானால் அந்தத் தண்ணீரையே கூழில் கலந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அப்பா வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து பட்டையையும் தோல் துண்டையும் ஒரு டால்டா டப்பாவில் கொண்டுவந்தார். என்ன ஓய் ஜோசப்ராஜ், மவளுக்குச் சீதனம் சேக்கீரோ என்று மேஸ்திரி மாசானம் கேட்டாராம். நான் டப்பாவைத் திறந்தபோது நீ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாய். குறை சொல்லவில்லை. அது நாறும். எங்கள் தெருவே நாறும்.

ஆறாம் நாள் தட்டில் அது மட்டும் வளர்ந்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

இந்த முறையைக் கண்டவள் நான் என்று என் கடிதத்தில் அடிக்கக் கை வரவில்லை. எங்கேயாவது எழுதப்பட வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை. உன் கடிதத்தின் மூன்றாவது பத்தியில் வைத்தேன், உன் கண்டுபிடிப்பாக. சேர்ந்துதானே போகப்போகிறோம் என்று நினைத்தேன். அங்கே ஓர் இடம்தான் இருந்தது.

உறையை ஒட்டும் முன் நீ அதைப் படித்தாய். ஜன்னல் ஓரம். நான் இவ்வளவு பண்ணினேனாடி என்று சிரித்தாய். பிறகு ஒட்டினாய்.

தவறு என்னுடையது. பாதி.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் மட்டும் நிற்கவில்லை. நான் குர்லாவில் ஒரு பட்டறை ஆபீஸில் டைப் அடிக்கிறேன். எம்.எஸ்ஸி. என்று அங்கே யாருக்கும் தெரியாது. உன் கடிதம் வழக்கம்போல எங்கள் தெரு நயினார் கடைக்கு வந்தது. அமெரிக்காக்காரி எழுதியிருக்கா, நீ எப்பம்ட்டீ பிளேன் ஏறப் போற, நானும் ஒரு வருசமா கேக்கேன் என்றார். வெற்றிலை வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை மூன்று தடவை படித்தேன். உன் ஆராய்ச்சி கைடு அந்தப் பட்டை எது என்று கேட்கிறாராம். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று எழுது, அரைக் கிலோ பார்சலில் அனுப்பு என்கிறாய். அதற்கு அடுத்த வரியில், என் ஃபைல் இருக்கிற நிலையில் அங்கே மறுபடி விண்ணப்பிப்பது வீண், அமெரிக்காவில் தெற்கே ஒரு சின்ன யூனிவர்சிட்டியில் முயற்சி செய் என்று அறிவுரை. அந்த யூனிவர்சிட்டியின் கையேட்டை நூலகத்தில் பார்த்தேன். பருத்திச் செடி நோய்களைப் படிக்கிறார்கள். தோல் பூஞ்சணம் பற்றி வேலை நடப்பது உன் லேபில் மட்டும். என் வேலை நடக்கும் இடத்தை விட்டுவிட்டு நான் பருத்திக்கு ஏன் போக வேண்டும்?

போன ஞாயிறு மாட்டுங்காவில் பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். ஒரே லேப்தானேம்மா, யார் பேர்ல போனா என்ன என்றார். எனக்கு அதில் என்னவோ இருக்கிறது சார் என்றேன். அப்போ வேணுங்கறதை அடிச்சுக்கோ என்று வெற்று லெட்டர்ஹெட்டின் அடியில் கையெழுத்துப் போட்டார். உறையின் ஒட்டு வாயிலும் போட்டார். அடித்துக்கொண்டு வருகிறேன், படித்துப் பாருங்கள் என்றேன். கண்ணு சரியில்லைம்மா என்றார்.

நேற்று ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். நான்கு பத்தி. இந்தத் தடவை கிழிக்கவில்லை. பணிவு என்ற சொல் எங்கேயும் இல்லை. மூன்றாவது பத்தியில் ஆவாரம்பட்டை. யார் கொண்டுவந்தது, யார் ஊற வைத்தது, யார் வராந்தாவில் நின்றது. கடைசியை மட்டும் எழுதவில்லை.

உன் யூனிவர்சிட்டிக்கே மறுபடி விண்ணப்பிக்கிறேன். உன் கைடும் அட்மிஷன் கமிட்டியும் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரே பேராசிரியர், ஒரே கையெழுத்து, ஒரே வேலை, இரண்டு பெண்கள். ஒருத்தி சொல்வது பொய் என்று முடிவு செய்வார்கள். அங்கே இருப்பவள் நீ. இங்கே இருப்பவள் நான். பொய்க்காரி என்று முடிவானால் இனி எந்த யூனிவர்சிட்டிக்கும் என்னால் எழுத முடியாது. அது தெரிந்துதான் அனுப்புகிறேன்.

பட்டை அனுப்பவில்லை. அளவும் ஊறும் நேரமும் அந்தப் பத்தியில் இருக்கின்றன. உன் கைடிடம் கேள், காட்டுவார்.

அவர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான ஜனவரி பதினைந்துக்குப் பிறகு ஒரு நாள். அன்றைக்கு நீ சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. என்ன சொல் என்று நான் எழுத மாட்டேன். உனக்காக ஒரு தடவை எழுதியது போதும். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். அந்த நேரத்தில் ஆண்டவர் உன் வாய்க்கு நல்ல வார்த்தை தரட்டும்.

இப்படிக்கு,
உன்னோடு படித்த
லூசியம்மாள்

பி.கு. இந்த வரிகளை மட்டும் மாட்டுங்கா தபால் ஆபீஸ் கவுன்டரில் நின்று எழுதுகிறேன். கமிட்டிக்கு உரிய உறையை ரிஜிஸ்டர் செய்தாகிவிட்டது. ரசீது கையில். உன் கடிதத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு ஒன்பது மணி வண்டியில் குர்லா போகிறேன்.