பனி என்று எழுதியிருந்தான்

14-11-1976
நான் பார்த்துக்கொள்ளும் ஊர் நூலகம், எங்கள் வாயனசாலையில் இன்று மூன்றே பேர். இருவர் பேப்பர் படிக்க வந்தவர்கள், ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். நாலு மணிக்கு மருதாத்தாள் அத்தை தன் மகனின் கடிதத்தோடு வந்தாள். மாரப்பன் மூணாறில் தேயிலை ஃபாக்டரி வேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் நான்தான்.

அவன் எழுதுவது தமிழ். எழுத்து மட்டும் மலையாளம். கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் வடகரப்பதியில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான். பள்ளிக்கூடம் கொடுத்த எழுத்து அது, வீடு கொடுத்த பேச்சு இது. நானும் அங்கே படித்தவள்தான். தமிழெழுத்தைப் பிற்பாடு புத்தகங்களுக்காக நானே கற்றுக்கொண்டேன்.

தீபாவளிக்கு வந்திருந்தபோது மாரியம்மன் கோயில் முன்னால் பாடினான். அதிலிருந்து இன்னும் நான் வெளியே வரவில்லை. கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கி வைத்துத் தேய்த்துவிட்ட ஒரு சினிமாப் பாட்டு— படத்தில் அதற்கு இருபது வயலின். இவன் ஒரு ஆர்மோனியத்தோடு பாதி வேகத்தில் பாடினான். பெண் பாடும் பாட்டு. வார்த்தைகளை ஆணுக்கு மாற்றாமல் அப்படியே பாடினான், ஒருவரும் சிரிக்கவில்லை. மேலே போகும்போது குரல் உடைகிறது. மற்றவர்கள் அந்த இடத்தை மூடி மறைத்துத் தாண்டுவார்கள். இவன் அங்கேயே சற்று நின்று, உடைந்ததைக் காட்டிவிட்டுப் போகிறான்.

பிறகு அவனே கட்டிய சங்குப் பாட்டு. கஞ்சிக்கோட்டு ஃபாக்டரிச் சங்கு ஊதினால் அப்பன் எழுந்திருப்பான். அப்பன் போய் மூணு வருஷம், சங்கு இன்னும் எழுப்புகிறது. மொத்தமே நாலு வரிதான். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

27-11-1976
மழை. காயப்போட்ட நிலக்கடலை நனைந்துவிட்டது. அப்பாவிடம் யாரும் பேசவில்லை.

5-12-1976
கடிதத்தோடு ஒரு பாட்டும் அனுப்பியிருக்கிறான். தமிழெழுத்தில் இங்கே எழுதி வைக்கிறேன்.

பனி ஏறுது பனி ஏறுது
போர்வைக்குள்ள அடுப்பெரியுது
கூப்பிடற தூரத்துல ஆருமில்லெ
கூப்பிட்டாலும் கொரலெழும்பலெ

இரண்டாம் வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. பனிக்குள் ஒரு அடுப்பு. குளிரை எரிச்சலாகச் சொல்ல எங்கே கற்றான்? நான் படித்த எந்தக் கவிதையிலும் பனி சுட்டதில்லை. மலை, மூட்டம், தனியாக ஒரு எஸ்டேட் லயத்து வீடு— எல்லாம் நாலு வரிக்குள் வந்துவிட்டது.

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “அங்க அத்தனெ பனியா கண்ணு?” என்றாள். “மார்கழி வரப்போகுதுங்களே, மலையில அப்படித்தானுங்க இருக்கும்” என்றேன். “கம்பிளி வச்சிருக்கறானான்னு கேட்டெழுது.”

19-12-1976
மறுபடி கடிதம். சின்னது. எழுத்து கோணலாக இருக்கிறது, அவசரத்தில் எழுதியிருப்பான். “பனி விடவே இல்லை, மூணு வாரமாச்சு. ராத்திரியானா ஜாஸ்தி. எறங்கி வந்துரட்டுமான்னு அம்மாகிட்டக் கேளு.”

“வரச் சொல்லட்டுமா கண்ணு?” என்று அத்தை என்னைக் கேட்டாள். பொங்கலுக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை, இப்போது வந்தால் பொங்கலுக்கு லீவு கிடைக்காது என்றேன். அவளும் சரியென்றாள்.

கம்பளி வாங்கச் சொல்லி, பொங்கலுக்கு வரச் சொல்லிப் பதில் எழுதினேன். கடிதம் அத்தையின் பேரில். கடைசி வரி மட்டும் என்னுடையது. “பனி உன்னை விடாமலிருந்தால் நல்லதுதான். இன்னும் நாலு பாட்டு வரும்.”

எழுதிவிட்டு எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தபாலில் போட்டுவிட்டேன்.

3-1-1977
தந்தி வந்தது. மாரப்பன் இறந்துவிட்டான்.

9-1-1977
அப்பாதான் அத்தையை மூணாறுக்குக் கூட்டிப்போய் வந்தார். இவர்கள் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் முற்றி, கடைசியில்தான் ஆஸ்பத்திரி. வயது இருபத்தாறு.

அத்தை அழவில்லை. கோபமாக இருக்கிறாள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாள்: “ஒரு வார்த்தெ எழுதுலயே எனக்கு. பாட்டெழுதத் தெரிஞ்சவனுக்கு மேலுக்குச் சொகமில்லீன்னு எழுதத் தெரியாதா? பெத்தவ கிட்ட மறைச்சுப்போட்டுப் போயிட்டானே.”

ஆமாம், ஏன் எழுதவில்லை? எனக்கும் அதுதான் புரியவில்லை. நமக்கு வருத்தம் தரக்கூடாதென்றா?

20-2-1977
எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

ராக்கப்பன் என்று ஒருவர் மாரப்பனின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார். எஸ்டேட்டில் அடுத்த வீட்டுக்காரர், ஆர்மோனியம் வாசிப்பவர். அவருடைய அண்ணனின் டேப்பில் மாரப்பன் பாடிப் பதிவு செய்த கேசட் ஒன்றும் பெட்டியோடு வந்தது. அத்தை பெட்டியைத் திறக்காமலே உள்ளே தள்ளினாள். கேசட்டை, “பாட்டா? ஆருக்கு வேணும்” என்று என் பக்கம் நகர்த்தினாள். அவர் பஸ்ஸுக்குத் திரும்பும்போது வாயனசாலைப் பக்கம் வந்தார். கடிதம் எழுதும் பெண் நானா என்று கேட்டார்.

“டிஸ்பென்சரி கம்பவுண்டர் மலையாளத்து ஆளும்மா. டெய்லி போயி அவருகிட்டப் பேசிப் பேசி, பயலும் பனி பனின்னே சொல்லிக்கிட்டிருந்தான். நாங்க காய்ச்சல்னு சொல்லுவோம். அவனுக்குப் பனி.”

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார்.

“ஊருக்குப் போயிருடான்னேன். எழுதிருக்கேன், அம்மா வான்னா போறேன்னான். ஒங்க கடுதாசி வந்துச்சு. படிச்சிட்டுச் சிரிச்சான். ‘பனி விடாம இருந்தா நல்லதாம் ராக்கண்ணே, நாலு பாட்டு வருமாம்’னான். பொறவு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.”

குற்றம் சொல்லவில்லை அவர். கேலிக்கு எழுதியிருக்கிறேன் என்றுதான் நினைத்திருக்கிறார்.

பனி. மலையாளத்தில் காய்ச்சல். பத்து வருஷம் அந்த மொழியில் படித்தவள் நான். அந்த எழுத்திலேயேதான் அவன் எழுதியிருந்தான். தண்ணீரை வெள்ளம் என்று எழுதுவான், அதைத் திருத்திப் படிக்கிறேனே, இதை ஏன் திருத்தவில்லை? மூணாறு என்றால் மூட்டம்— அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற யாராவது படித்திருந்தால் “என்ன பனிங்க இது, மூணு வாரமா?” என்று கேட்டிருப்பார்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு ரசிக்கத் தெரிந்திருந்தது.

21-2-1977
போர்வைக்குள்ள அடுப்பெரியுது. உவமை இல்லை அது. உடம்பு.

6-3-1977
என் அண்ணனின் டேப் ரிக்கார்டரில், வீட்டில் யாரும் இல்லாதபோது கேசட்டைக் கேட்டேன். நாலு சினிமாப் பாட்டு, அவனுடையது மூன்று. சினிமாப் பாட்டுகளில் இசை மட்டும் வரும் இடங்களை வாயாலேயே முனகி நிரப்புகிறான், அதில் ஒரு விளையாட்டுகூட இருக்கிறது. பனிப் பாட்டு கடைசி. மூச்சுக்காக ஒவ்வொரு வரியையும் இரண்டாக வெட்டியிருக்கிறான். எங்கே வெட்டினால் அர்த்தம் கெடாது என்று தெரிந்து வெட்டியிருக்கிறான். காய்ச்சலிலும் அதில் கவனம்.

நல்ல பாட்டு. இப்போதும் நல்ல பாட்டுத்தான். அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை?

அத்தையைக் கேட்க வரச் சொன்னேன். “எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதவன் பாட்டு எனக்கெதுக்கு கண்ணு. நீ கேளு.”

கண்ணு என்கிறாள் என்னை. மகன்மேல் இருக்கும் கோபம் முழுக்க என்மேல் வரவேண்டியது. நான் சொன்னால்தான் அவன்மேல் இருப்பது போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ராக்கப்பன் திரும்பி வரப்போவதில்லை.

13-3-1977
சொல்லிவிட்டேன்.

அத்தை களத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கை எடுத்தேன்.

“அத்தை, மாரப்பன் எழுதியிருந்தானுங்க. நாந்தான் தப்பாப் படிச்சுட்டனுங்க.”

“என்னத்தெ?”

“பனின்னு எழுதியிருந்தது காச்சலுங்க. மலையாளத்துல அப்படி. மூணு வாரமாக் காச்சல் விடலீன்னு எழுதியிருந்தான்.”

அவள் கை நிற்கவில்லை. அடுத்த கடலையை உடைத்தாள்.

“அப்ப எங்கிட்டச் சொல்லியிருக்கறான்.”

“சொல்லியிருக்கறானுங்க.”

“வர்றேன்னானே, அது?”

“காச்சலுக்குத்தானுங்க.”

“பதிலு என்னன்னு எழுதுனெ?”

சொன்னேன். என்னுடைய கடைசி வரியையும் சொன்னேன். அதை விட்டுவிடலாமென்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன்.

அப்போது அழுதாள். இரண்டு மாதமாக வராதது வந்தது. “எஞ்சாமி, எங்கிட்டக் கேட்டிருக்கறயே, வரட்டுமான்னு கேட்டிருக்கறயே” என்று அவனிடம் பேசினாள். தொடப்போனேன். கையை மெல்ல எடுத்து விலக்கி வைத்தாள், ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைப்பதுபோல.

முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள். “அந்தப் பாட்டு உங்க கிட்டத்தானுங்களே இருக்குது? குடுத்துருங்க.”

உங்க கிட்ட. குடுத்துருங்க. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இவள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

14-3-1977
கேசட்டையும் ரிக்கார்டரையும் அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். ஏன் என்று கேட்டான். அத்தை கேட்டாள் என்று மட்டும் சொன்னேன்.

17-4-1977
மாரப்பனின் பி.எஃப். விஷயமாக எஸ்டேட் ஆபீஸிலிருந்து கடிதமாம். போஸ்ட்மேன் சூசையப்பனே அத்தை வீட்டு வாசலில் நின்று படித்துச் சொன்னாராம். வாயனசாலையைத் தாண்டித்தான் அவர் போகவேண்டும். ஒரு விநாடி நின்று என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

இந்த மாதம் நான் ஒரு புத்தகமும் எடுக்கவில்லை.

5-6-1977
மழை தொடங்கிவிட்டது. வாய்க்கால் வழியாக வரும்போது அத்தை வீட்டிலிருந்து அவன் குரல் கேட்டது. கதவு திறந்திருந்தது. சங்குப் பாட்டு முடிந்து அந்தக் கல்யாண வீட்டுப் பாட்டு வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் உள்ளே இருந்தார்கள். “இங்கெ பாருங்க, இந்த எடத்துல நிறுத்துவான், நிறுத்திப்போட்டுத்தான் போவான்” என்று அத்தை சொல்வது கேட்டது. சரியாகத்தான் சொன்னாள். அங்கேதான் நிற்பான்.

எவ்வளவு நேரம் வழியில் நின்றேனோ. எருமையை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தாள். முன்பைவிட இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்தாள்.

“எருமெ வருது. கொஞ்சம் ஒதுங்கிக்குங்க.”

ஒதுங்கிக்கொண்டேன்.