வலது ஓரத்து விளக்குகள்

ஆவடி,
11-2-1990

அன்புள்ள சாதுல்லா மச்சானுக்கு,

உத்தமன் எழுதுவது. குவார்ட்டர்ஸில் நானும் கன்னியம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியம் நீ எழுதினால்தானே தெரியும்? சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பேனாவைக்கூடவா பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள்?

ஒரு நல்ல சேதி. போன வாரம் அயனம்பாக்கத்தில் கச்சேரி. அம்பத்தூரில் கேசட் கம்பெனி நடத்துகிற சண்முகசுந்தரம் மேடைக்குப் பின்னால் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இன்னா நைனா, இத்தினி நாளா எங்க ஒளிஞ்சிகினு இருந்தே? ஆடிக்கு அம்மன் பாட்டு போடணும். மியூசிக் மொத்தமும் நீயே ஊட்ல பண்ணிக் குடு" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நீ பாங்கோஸ் வாசித்த காலத்திலிருந்து கஜபதி அண்ணன் மெல்லிசை ட்ரூப்பில் அதே மூலையில், ஸ்பீக்கர் பெட்டியை உரசிக்கொண்டு நின்று அடுத்தவன் மெட்டையே வாசித்துக் கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி முடிந்தால் திங்கட்கிழமை ஃபேக்டரி ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் காதில் கொய்ங் என்கிறது. போதும். இனி வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்டுடியோ, சொந்த மெட்டு.

கீபோர்டு இருக்கிறது. ட்ரம் மெஷின் ஒன்று, நாலு வாத்தியத்தைத் தனித்தனியாகப் பதிகிற நாலு டிராக் ரெக்கார்டர் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருக்க ஹெட்போன் ஒன்று. இவைதான் வேண்டும். எந்த மாடல் என்பதை நீயே கடையில் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடு. உன் காதை நம்பி விட்டுவிட்டேன். விளக்கு ஏறி இறங்குகிற ஈக்வலைசரும் வேண்டும் என்று கன்னியம்மா அடம் பிடிக்கிறாள். "அத்த வச்சா ஊடே தீபாவளி மாரி இருக்கும்யா" என்கிறாள். அதையும் விசாரித்து வை.

உன்,
உத்தமன்


சிங்கப்பூர்,
4-3-1990

அன்பு மாமே உத்தமா,

ஆண்டவன் புண்ணியத்தில் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். 

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ட்ரம் மெஷினில் இரண்டு தேறின. ஒன்றில் சத்தங்கள் ஏராளம், ஆனால் எல்லாம் தகர டப்பா. இன்னொன்றில் கொஞ்சம்தான், ஆனால் அந்த ஹைஹாட் இருக்கிறதே, இரண்டு தட்டும் சேர்ந்து 'சிக் சிக்' என்று கொலுசு உரசுவதுபோல அவ்வளவு சன்னம். அதற்காகவே அதை எடுத்தேன். ஹெட்போனையும் அந்த ஹைஹாட்டை வைத்துத்தான் சோதித்தேன். நாலு டிராக் ரெக்கார்டரில் மேல் சத்தத்துக்கு ட்ரெபிள், கீழ்ச் சத்தத்துக்கு பேஸ் என்று தனித்தனியாகத் திருகலாம். மூன்றும் பூந்தமல்லிக்குத் திரும்புகிற ஒருவர் கையில் வருகின்றன. அங்கே என் ராபியா அக்கா வீட்டில் வாங்கிக்கொள்.

ஈக்வலைசர் வேண்டாம். ஒவ்வொரு வகைச் சத்தத்துக்கும் ஒரு வரிசை விளக்கு. இடது ஓரம் பேஸ், வலது ஓரம் ஹைஹாட் மாதிரி மேல் சத்தம். பார்க்க அழகுதான். காது இருக்கிறவனுக்கு விளக்கு எதற்கு மாமே? கன்னியம்மாவிடம் நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பட்டறை வேலையில் விரல் காய்த்துப்போய் எழுதவே வரவில்லை. இங்கே எல்லோரும் ஊருக்குக் கேசட்டில்தான் பேசி அனுப்புகிறார்கள். நானும் ஒரு பக்கம் முழுக்க உளறி, அந்தக் கேசட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுச் சிரி.

உன்,
சாதுல்லா


ஆவடி,
22-4-1990

அன்புள்ள மச்சானுக்கு,

சாமான்கள் பத்திரமாக வந்தன. ராபியா அக்கா பிரியாணி போடாமல் பெட்டியைக் கையில் கொடுக்கவில்லை. படுக்கிற அறையில் மேசை போட்டு எல்லாவற்றையும் அடுக்கியாயிற்று. கட்டில் வெளியே போய்விட்டது, கன்னியம்மாவுக்குக் கோபம்.

ஆனால் உன்னை ஏமாற்றிவிட்டார்கள். நீ அப்படிப் புகழ்ந்த ஹைஹாட் இந்த மெஷினில் இல்லை. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, சத்தம் வரவில்லை. ட்ரெபிளைக் கடைசி வரை திருகினால் எங்கோ அடுத்த தெருவில் கேட்பதுபோல லேசாக வருகிறது. சரி, ஹெட்போன்தான் கோளாறு என்று பழைய ஸ்பீக்கரில் போட்டேன், அதிலும் அப்படியே. மெஷின்தான் கெட்டது. கேசட்டில் உன் பேச்சும் கம்பளிக்குள் இருந்து வருகிறது. பாதி வார்த்தை விளங்கவில்லை. என்ன, முன்பல் கொட்டிவிட்டதா? கன்னியம்மா என்னவோ பக்கத்தில் உட்கார்ந்து உன் ஜோக்குக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் எதற்கும் சிரிப்பாள்.

ஆடி நெருங்குகிறது. இருப்பதை வைத்து முதல் பாட்டுக்கு மியூசிக் போட்டுவிட்டேன். ட்ரெபிளை முழுக்க வைத்து எப்படியோ சமாளித்திருக்கிறேன். ஒரு கேசட் சண்முகசுந்தரத்துக்கு, ஒன்று உனக்கு. கடைக்காரனைச் சும்மா விடாதே.

உன்,
உத்தமன்


சிங்கப்பூர்,
27-5-1990

அன்பு மாமே,

இந்தக் கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன்.

கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். பாவம் அந்தச் சீனர், அதே மாடலில் இன்னொன்றை எடுத்து ஓட்டிக் காட்டினார். நன்றாக இருந்தது. "என் நண்பனுக்குக் கொடுத்தது மட்டும் கெட்டது" என்று கத்தினேன். அவன் பதிவு செய்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். உன் கேசட் என் பையில்தான் இருந்தது. போட்ட உடனே ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்.

நானும் கேட்டேன். ஹைஹாட் இருக்கிறது மாமே. ஊசியாகக் குத்துகிறது. உன் மெட்டு அதற்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது. நல்ல மெட்டு, சத்தியமாக நல்ல மெட்டு. மெஷின் கெட்டிருந்தால் அந்தச் சத்தம் கேசட்டுக்கு எப்படி வந்தது? கடைக்காரர் உன் வயதைக் கேட்டார். முப்பத்தாறு என்றேன். கேசட்டை உறையில் போட்டுக் கொடுத்தார். 

கன்னியம்மாவைப் பட்டனை அழுத்தச் சொல்லி, நீ சுவரைப் பார்த்து நின்று பார். பிறகு காது டாக்டரிடம் போ. அந்த ஸ்பீக்கர் மூலைக்கு மட்டும் இனி போகாதே. எனக்கு இங்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெஷின் என்றால் மாற்றி வாங்கி அனுப்பிவிடுவேன். நான் சொல்வது தப்பு என்று என்னைக் கண்டபடி திட்டி எழுது. அந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருக்கிறேன்.

உன்,
சாதுல்லா


ஆவடி,
8-7-1990

அன்புள்ள மச்சானுக்கு,

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு நாள் உன்மேல் அவ்வளவு கோபம். அப்புறம் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்த்து நின்றேன். "அழுத்து" என்றேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. "அழுத்துடி" என்று அதட்டினேன். "எத்தினி வாட்டிதான்யா அழுத்தறது" என்று கன்னியம்மா ஓவென்று அழுதுவிட்டாள். அந்த அழுகை மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

டாக்டர் இரண்டு காதையும் பார்த்தார். ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றிச் சொன்னேன், தலையை ஆட்டினார். போனது வராதாம். மேல் சத்தம்தான் முதலில் போகுமாம். மிச்சம் எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டதற்கு மருந்துச் சீட்டில் விட்டமின் மாத்திரை எழுதினார். கஜபதி அண்ணனிடம் சொன்னபோது மேடையில் மறு கோடியில் நிற்கச் சொன்னார். அங்கேயும் ஒரு பெட்டி இருக்கிறது. ட்ரூப்பையே விட்டுவிட்டேன். 

சண்முகசுந்தரம் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "டியூன் சோக்கா கீது நைனா, ஆனா காதுல கொசு பூந்த மாரி கீதே" என்றார். ஆடிப் பாட்டு வேறு ஆளுக்குப் போயிற்று. சரியாக மிக்ஸ் பண்ணிக் கொண்டுவந்தால் மறுபடி கேட்கிறேன் என்று மட்டும் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பயமாக இருக்கிறது மச்சான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? அடுப்படியில் குக்கர் சத்தம் இருக்கிறது, குருவிச் சத்தம் போய்விட்டது. அது எப்போது போயிற்று என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது கன்னியம்மா பக்கத்தில் நிற்கிறாள். நான் ட்ரெபிளைத் திருகுகிறேன், "போதும்யா" என்கிற இடத்தில் நிறுத்துகிறேன். அந்த இடத்தில் தன் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டி வைத்திருக்கிறாள். ஆனால் பாட்டுக்குப் பாட்டு பொட்டின் இடம் மாறுகிறது. அவளுக்கும் மாவு கரைக்க, தண்ணீர் பிடிக்க என்று ஆயிரம் வேலை. எந்நேரமும் அவளை நிற்க வைக்க முடியுமா?

அதனால் ஒன்று கேட்கிறேன். அந்த விளக்கு ஈக்வலைசரை வாங்கி அனுப்பு. எந்த மாடல் என்றாலும் சரி, வலது ஓரத்து விளக்குகள் மட்டும் பெரிதாக, பளிச்சென்று இருக்கட்டும். நீ கடையில் அந்த ஹைஹாட்டைப் போட்டு, உனக்குச் சரியாகக் கேட்கும்போது அந்த வரிசையில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்த்து எழுது. அதற்குமேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இனி கேசட்டில் பேசி அனுப்பாதே மச்சான். விரல் வலித்தாலும் எழுது.

உன்,
உத்தமன்