அப்பா இருமிய நாள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். பதறாமல் படி. அப்பா பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டார். தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டார்.

முன்பே நடந்திருக்க வேண்டியது, தள்ளிப்போனது என்னால்தான். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா சிகரெட் உண்டா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சும்மா" என்று அப்பா கூசாமல் சொன்னார். சட்டைப் பையில் பாக்கெட் துருத்திக்கொண்டு நிற்கிறது. நான் போட்டு உடைத்துவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "மயக்கத்துல நுரையீரல் சுருங்கும், சளி தேங்கும். சிகரெட் குடிக்கிறவங்களுக்கு நிமோனியா வர பயம் அதிகம். அவசரமில்லாத ஆபரேஷன்தானே, நிறுத்திட்டு வாங்க" என்று சொல்லி, மூச்சை இழுத்துப் பழக மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து அனுப்பினாள். பஸ் ஓட்டின காலத்தில் யார்மீதும் காட்டாத கோபத்தையெல்லாம் அப்பா என்மீது காட்டினார். ஆனாலும் நிறுத்தினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள், நல்லபடியாக முடிந்தது. மறுநாள்தான் வம்பு. தையல் பிய்ந்துவிடுமாம், இருமவே மாட்டேன் என்கிறார், மூச்சையும் அரைகுறையாக விடுகிறார். நெஞ்சு கரகரத்தது, உடம்பு சுட்டது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வந்தது. நர்ஸ் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, வலிக்கு ஊசி போட்டு, நாற்காலியில் உட்கார்த்தி, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொன்னாள். "நீ இருமிப் பாரு, தெரியும்" என்று என்மேல் பாய்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு தலையணையைக் கட்டிக்கொண்டு வார்டே அதிர இருமினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா ஆபரேஷன்?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டது, சிரிப்பு இருமலானது, "ஐயோ, கொல்றாளே" என்று தலையணையை இறுக்கிப் பிடித்து இருமி இருமிச் சளியைக் கட்டியாகத் துப்பினார். "இதுக்குத்தாங்க காலையிலேர்ந்து கெஞ்சினேன்" என்றாள் நர்ஸ். அதன்பிறகு அவரே பந்தை இழுத்தார், என் தோளைப் பிடித்து வராந்தாவில் நடந்தார். காய்ச்சல் இறங்கியது. இப்போது படியேறி மொட்டை மாடிக்கே போகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். ஒன்று மறக்காதே, வரும்போதெல்லாம் அவருக்கு வாங்கி வருவாயே வெளிநாட்டு சிகரெட், இனி அது வேண்டாம், தனியாகப் போன் பண்ணிக் கேட்டாலும் மசியாதே. இதை அவரும் படித்தார். சிகரெட் வரியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, உறையை ஒட்டக் கையை நீட்டுகிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா