உங்கள் பக்கத்து இடம்

என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காக மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உங்களிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். அதை ஊரார் ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால், அவர்களும் சரியாகப் படிக்கட்டும் என்று நம் கோயிலின் பங்குப் பத்திரிகைக்கே எழுதிக் கொடுக்கிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் உங்கள் பக்கத்து இடத்தைக் கொடுத்துவிட்டேன். அங்கே இப்போது ஆரோக்கியம் படுத்திருக்கிறாள்.

ஆமாம், அதே ஆரோக்கியம்தான். கம்பெனி வாசலில் இட்லிக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். கோயிலில் என் காதருகே நின்று சுருதி தப்பிப் பாடுவாள். "இன்னா கான்வென்ட்டு, சாமிக்கு இங்கிலீசுல சொன்னாத்தான் கேக்குமா?" என்று, கன்னியர் பள்ளியில் படித்த என்னைப் பெண்கள் நடுவில் கேட்டவள். உங்களைக் கண்டால், "அண்ணே, வூட்ல இன்னிக்கும் உப்புமாவா? வா, ரெண்டு துண்ணுட்டுப் போ" என்பாள். நீங்களும் சிரித்துக்கொண்டே நின்று சாப்பிடுவீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அது தெரிந்துதானே சிரித்தீர்கள்?

தோட்டத்துக்கு நீங்கள் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தபோது, பழைய பங்குச் சாமியார் மேட்டுப் பக்கம் நமக்கு இரண்டு இடம் ஒதுக்கினார். ரோடு ஓவர்சியர் அல்லவா, நீங்களே டேப் பிடித்து அளந்தீர்கள். "நல்லா காலை நீட்டிக்கலாம் ரெஜினா. குறுகிப் படுத்தா உனக்குத்தான் தூக்கம் வராதே" என்றீர்கள். எனக்கு வந்த கோபம்! ஆனால் உங்களை அங்கே வைத்த பிறகு அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்ந்தேன். கல்லில் ஒரு பாதியில் உங்கள் பெயரைச் செதுக்கி, மறுபாதியை எனக்காக வெறுமையாக விட்டேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இரண்டு இடத்து வரம்புக்கும் என் கையாலேயே சுண்ணாம்பு அடித்தேன். என் இடத்தில் டிசம்பர் பூச்செடி வைத்தேன். பிள்ளையில்லாத எனக்குப் போய்ச் சேருவதற்கென்று வேறு எந்த இடம் இருந்தது?

இந்த வருடம் அடித்த சுண்ணாம்பு காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பித் தோட்டத்தின் பள்ளப் பக்கம் முழுதும் தண்ணீர். தண்டலத்தில் ரோடு முழுகி பஸ் நின்றுவிட்டது. நீங்கள் போட்ட ரோடுதான். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த மழையில் ஆரோக்கியம் காய்ச்சலில் போய்விட்டாள்.

மறுநாள் காலை புதிய சாமியாரும், குழி வெட்டும் சின்னப்பனும், ஆரோக்கியத்தின் மகள் பிலோமினாவும் நம் வாசலில் வந்து நின்றார்கள்.

"எங்க தோண்டினாலும் தண்ணி ஊறிக்கினே கீதும்மா. அண்ணன் பக்கத்துல மட்டும்தான் மண்ணு கெட்டியா கீது" என்றான் சின்னப்பன்.

"அது உங்க இடம்மா. முடியாதுன்னு சொன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார் சாமியார்.

"முடியாது சாமி" என்றேன்.

பிலோமினா கெஞ்சவில்லை. "சரிம்மா" என்று திரும்பியவள், கேட்டருகே நின்றுவிட்டாள். "எங்கம்மாவுக்குக் குளுரு ஆவாதும்மா" என்றாள்.

உள்ளே போய் முழங்காலில் நின்று ஜெபமாலையை எடுத்தேன். மனம் கலங்கினால் ஜெபிக்க வேண்டும் என்றுதானே கன்னியர் பழக்கினார்கள். முடிவில் எப்போதும் போல மோட்சம் கேட்டேன். கேட்கும்போது மனதுக்குள் என்ன தெரிகிறது என்று அன்றுதான் பார்த்தேன். வெள்ளையடித்த வரம்பு தெரிந்தது. டிசம்பர் பூ தெரிந்தது. நீங்கள் தெரிந்தீர்கள். ஆண்டவரைக் காணவில்லை. இத்தனை வருடமும் அவரிடம் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரைக் கேட்டதே இல்லை. உங்களிடம் போகும் வழிக்குக் கதவு திறந்துவிடும் ஆளாக அவரை நிறுத்தி வைத்திருந்தேன்.

உங்களை நேசித்தது தவறா? இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அவர் இருக்க வேண்டிய இடத்தில் உங்களை உட்கார வைத்திருந்தேன். அது உங்களுக்குமே பாரமாக இருந்திருக்காதா?

குடையை எடுத்துக்கொண்டு நானே தோட்டத்துக்குப் போனேன். செடிகள் மொட்டு விட்டிருந்தன. வேரோடு பிடுங்கினேன். சின்னப்பன் கடப்பாரையை வைத்துக்கொண்டு விழித்தான்.

"நெசமாவாம்மா?"

"பேசாம வெட்டுப்பா. ஓரம் நேரா இருக்கட்டும். பக்கத்துல படுத்திருக்கறவர் ஓவர்சியர்."

அடக்கத்துக்கு அவ்வளவு கூட்டம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பென்னலூர், பிள்ளைப்பாக்கம் பையன்கள் ஷிப்ட் முடிந்து, கம்பெனிச் சட்டையோடு, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி மழையில் நின்றார்கள். "நைட்டு ஷிப்டுக்கு இனிமே யாருடா நம்மள திட்டிக்கினே சட்னி ஊத்துவாங்க?" என்று ஒருவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் உங்கள் சிரிப்பு கேட்டது.

குழாயடியில் ஒருத்தி என் காதுபடவே, "புருசன் பக்கத்துல வேற பொம்பளைய படுக்க வெச்சிட்டாங்களே, இன்னா மனசோ" என்றாள். "அவரை அண்ணேன்னு கூப்பிட்டவ. அண்ணன் பக்கத்துல தங்கச்சி படுத்தா உனக்கென்னடி?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு அழுதேன். கல்லின் வெற்றுப் பாதியில் அவள் பெயரைச் செதுக்கச் சொன்ன அன்றும் அழுதேன். கொடுத்துவிட்டால் வலிக்காது என்று யார் சொன்னது?

சாமியார் தயங்கித் தயங்கி, "அப்போ உங்களுக்கும்மா?" என்றார். தண்ணீர் வடிந்தால் பள்ளப் பக்கம், வடியாவிட்டால் அவர் காட்டும் இடம் என்றேன். இப்போதெல்லாம் மோட்சம் கேட்கும்போது ஆண்டவர் முகத்தை நினைக்கப் பார்க்கிறேன். உங்கள் முகம்தான் குறுக்கே வருகிறது. கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறேன், நீங்களும் நிற்கிறீர்கள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஆண்டவர் மரித்தோரை எழுப்பும் நாளில் எந்தப் பள்ளத்திலிருந்து எழுந்தாலும் முதலில் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அதன் பிறகே மேட்டுப் பக்கம் திரும்புவேன். அப்போது நீங்கள் ஆரோக்கியத்தின் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
கொஞ்சம் தள்ளிப் படுக்கப் போகும்
உங்கள் மனைவி ரெஜினா